சாக்கு சொல்லும் எடையும் தராசு சொல்லும் எடையும்

வருஷா வருஷம் நம் சங்க மலரில் பெரியவர்கள் இலக்கியம், கோயில், வரலாறு என்று எழுதி நாம் படித்து மகிழ்கிறோம். இந்த முறை மலர்க்குழு என்னிடம், "உன் தொழிலைப் பத்தி ஒரு கட்டுரை கொடு, பிள்ளைகளும் படிக்கட்டும்" என்று கேட்டது. என் தொழில் வலைக்கருவிகள். அதாவது ரூட்டர், மோடம், வைஃபை அட்டை, இவற்றின் உள்ளே ஓடும் நிரல்கள். இதைப் பற்றி மட்டாஞ்சேரியில் உட்கார்ந்து எழுதும்போது மிளகு வாசனை இல்லாமல் எழுத முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் பஜார் ரோட்டில் ஒரு மிளகுப் பாண்டிகசாலையில் முப்பது வருஷம் கணக்கு எழுதினார். மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கும்போது ஒவ்வொரு சாக்கின் மேலும் மையால் எடை எழுதியிருக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் சாக்கின் மேல் இருந்த எண்களைப் பார்த்து ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். தகப்பனார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டார். "சாக்கு சொல்ற எடையை எழுதாதே. தராசு சொல்ற எடையை எழுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கருவிகளோடு மல்லுக்கட்டிய இத்தனை வருஷத்தில் இதைவிடப் பெரிய பாதுகாப்புப் பாடத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சங்க அலுவலகத்தில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன் சங்க அலுவலகத்தில், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு இணையவழி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தோம். கடைசித் தேதிக்கு முந்தின நாள். இணையம் மெதுவாக இருக்கிறதே என்று ஆர்வமுள்ள ஒரு பையன், ரூட்டருக்குப் புது ஃபர்ம்வேர் போட்டால் சரியாகும் என்று எங்கிருந்தோ ஒரு கோப்பை இறக்கினான். இறங்கும்போதே இணைப்பு ஒருமுறை அறுந்தது. கோப்பில் பாதிதான் வந்திருந்தது. அவனுக்கும் தெரியாது, ரூட்டருக்கும் தெரியாது. கோப்பின் தலைப்பில் "நான் இவ்வளவு நீளம்" என்று எழுதியிருந்ததை அந்தக் கருவி அப்படியே நம்பியது. பழையதை அழித்தது, பாதியை எழுதியது, நின்றது. பிறகு விளக்குகூட எரியவில்லை. எங்கள் பாஷையில் அதற்குச் 'செங்கல் ஆனது' என்று பெயர். மீதி இருந்த பதினொரு விண்ணப்பங்களையும் ஒருவருடைய செல்போன் இணைப்பில் ராத்திரி பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்து போட்டு முடித்தோம்.

பையனைத் திட்டிப் பயனில்லை. அந்தக் கருவியைச் செய்தவர் (பெயர் வேண்டாம்) ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: "தலைப்பு சொல்லும் நீளமும் கையில் இருக்கும் நீளமும் ஒன்றா?" கேட்கவில்லை. அதாவது சாக்கு சொன்ன எடையை எழுதிக்கொண்டார்.

இது கைதவறிய கோப்பு. வேண்டுமென்றே ஒருவன் கெடுத்துத் தயாரித்த கோப்பாக இருந்தால்? அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஃபர்ம்வேர் எங்கே இருக்கிறது?

வன்பொருள் தெரியும், மென்பொருள் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஃபர்ம்வேர். 1967-ல் ஆஷர் ஆப்ளர் என்பவர் 'டேட்டாமேஷன்' பத்திரிகையில் இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தினார். நம் கலைச்சொல் அகராதிகளில் 'நிலைப்பொருள்' என்று போடுகிறார்கள். கடையில் எல்லோரும் ஃபர்ம்வேர் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் மடிக்கணினியில் இருக்கும் வைஃபை சிப் ஒரு தனிக் கணினி என்றே சொல்லலாம். அதற்குச் சொந்தமாக ஒரு குட்டிச் செயலி, கொஞ்சம் நினைவகம், ஓட்டுவதற்கு ஒரு நிரல் எல்லாம் உண்டு. அந்த நிரல்தான் ஃபர்ம்வேர். பல சிப்புகளில் மின்சாரம் நின்றால் இது மறைந்துவிடும். அதனால் கணினியை ஒவ்வொரு முறை போடும்போதும் இயங்குதளத்தில் இருக்கும் டிரைவர் என்ற நிரல், வட்டிலிருந்து ஃபர்ம்வேர்க் கோப்பை எடுத்துச் சிப்புக்குள் இறக்க வேண்டும். நம் பிள்ளைகள் கேரளப் பள்ளிக்கூடங்களில் பயன்படுத்தும் லினக்ஸில் இதற்கென்று ஒரு பொது ஏற்பாடு 2003-ல் வந்தது. டிரைவர் ஒரு கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கும். கர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, அதைத் தேடி எடுத்து நினைவகத்தில் வைத்துவிட்டு இரண்டு தகவல் தரும். சரக்கு எங்கே தொடங்குகிறது என்பது ஒன்று, மொத்தம் எத்தனை பைட் என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது கர்னல் தானே அளந்து சொன்ன அளவு, தராசு சொன்ன எடை. கோப்புக்கு உள்ளே இருக்கும் மற்ற எல்லா எண்களும் சாக்கின் மேல் எழுதியவை.

இதில் ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கலாம். டிரைவர் கர்னலுக்குள் ஓடுகிறது. வீட்டில் வாசல் திண்ணையில் இருப்பவர் தடுக்கி விழுந்தால் ஒரு மாதிரி, அடுக்களையில் அடுப்புப் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் வேறு மாதிரி. டிரைவர் தடுக்கினால் கணினி முழுக்க விழும். தடுக்கவைத்தவன் கெட்டிக்காரனாக இருந்தால் கணினி முழுவதும் அவன் கைக்குப் போகும். அந்தக் கணினி வழியாகத்தான் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லும் போகிறது, கோயம்புத்தூரில் இருக்கும் மகளோடு பேசும் பேச்சும் போகிறது.

முதல் கேள்வி: சரக்கு ஒழுங்காக இருக்கிறதா?

ஃபர்ம்வேர்க் கோப்பின் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு தலைப்பு இருக்கும். உதாரணமாக, பிராட்காம் சிப் வைத்த பல வீட்டு ரூட்டர்களின் ஃபர்ம்வேர்க் கோப்பு 'எச், டி, ஆர், பூஜ்யம்' என்ற நான்கு எழுத்துக் குறியோடு தொடங்கும். அடுத்து மொத்த நீளம், அதற்கடுத்து ஒரு சரிபார்ப்பு எண், பிறகு உள்ளே இருக்கும் பகுதிகள் எங்கெங்கே தொடங்குகின்றன என்ற பட்டியல். வெளி தோபி கானாவில் நம் வண்ணார் சங்கத்துக்காரர்கள் துணியில் போடும் குறி மாதிரிதான் முதல் நான்கு எழுத்தும். இந்தத் துணி எந்த வீட்டுத் துணி என்று அது சொல்லும். கிழிந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லாது.

ஆகவே டிரைவர் எழுதுகிறவர் வரிசையாகப் பார்க்க வேண்டியவை இவை.

ஒன்று: கையில் இருக்கும் கோப்பு, ஒரு தலைப்பு அளவுக்காவது நீளமா? பத்து பைட் கோப்பில் இருபத்தெட்டு பைட் தலைப்பைப் படிக்கப் போனால் அடுத்தவன் இடத்தில் கை வைத்தது போலத்தான்.

இரண்டு: குறி சரியா? இந்தச் சிப்புக்கு உரிய கோப்புதானா?

மூன்று: தலைப்பு சொல்லும் ஒவ்வொரு பகுதியும் கோப்புக்குள் அடங்குமா? "இத்தனையாவது பைட்டில் தொடங்கி இத்தனை பைட்" என்று தலைப்பு சொல்கிறது. தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டி, மொத்த அளவைவிடக் கூடுதலா என்று பார்த்தால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் அனுபவசாலிகளே வழுக்கியிருக்கிறார்கள். பழைய அம்பாசடர் காரின் கிலோமீட்டர் எண் 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யத்துக்கு வருமே, கணினி எண்களும் அப்படித்தான். 32 பிட் எண் 4,29,49,67,295 வரைக்கும் போகும். அடுத்தது பூஜ்யம். தொடக்கம் 4,29,49,67,200, நீளம் 200 என்று ஒருவன் எழுதிவைத்தால், கணினி இரண்டையும் கூட்டி 104 என்று சொல்லும். கோப்பின் அளவு ஒரு லட்சம். 104 அதற்குள்தானே? சோதனையில் பாஸ். ஆனால் தொடக்கமோ கோப்பை விட்டு எங்கேயோ இருக்கிறது. அதனால் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். முதலில் தொடக்கம் மொத்த அளவுக்குள் இருக்கிறதா என்று பார். பிறகு மொத்தத்தில் தொடக்கத்தைக் கழித்து, மீதிக்குள் நீளம் அடங்குமா என்று பார். பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் உயிர்க் கணக்கு.

நான்கு: ஒவ்வொரு பகுதியும் சிப்புக்குள் எந்த முகவரியில் போய் இறங்க வேண்டும் என்றும் கோப்பே சொல்லும். அந்த முகவரி உண்மையிலேயே சிப்பின் நினைவகத்துக்குள் இருக்கிறதா? சரக்கு சரியாக இருந்தாலும் இறக்குகிற இடம் பக்கத்து வீட்டுக் கிணறாக இருக்கக் கூடாது.

ஐந்து: எழுத்துச் சரங்கள். பதிப்புப் பெயர், வரிசை எண் போன்றவை. இவற்றில் என்ன ஆபத்து என்று சாதாரணமாக நினைத்துவிடுவோம். 2013-ல் வெளியே வந்த ஒரு பிழையைப் பாருங்கள். பிராட்காம் கிகாபிட் வலை அட்டைகளுக்கான லினக்ஸ் டிரைவர், அட்டையின் நிலையான நினைவகத்தில் எழுதியிருக்கும் பதிப்புப் பெயரைப் படித்துத் தன் இடத்தில் எழுதிவைத்துக்கொள்ளும். டிரைவர் அதற்கு ஒதுக்கிய இடம் 32 எழுத்து. பெயர் எவ்வளவு நீளம் என்று சொன்னது யார்? அந்த அட்டையே. ஒருவன் அட்டையில் நீளமான ஒரு பெயரை எழுதிவைத்தால், 32-ஐத் தாண்டிப் பக்கத்து நினைவிடத்தில் வழிந்து, இயங்குதளத்தையே குலைக்கும் வாய்ப்பு இருந்தது. லினக்ஸ் 3.8.6 பதிப்பில் சரிசெய்தார்கள். சரிசெய்தது சில வரிகள்தான். "நீளம் என் இடத்தைவிடக் கூடுதலா? கூடுதல் என்றால் வெட்டு." தகப்பனார் சொன்ன அதே வாக்கியம்.

கூட்டுத்தொகை சரி என்றால் போதுமா?

இன்டெல் நிறுவனத்தின் கிகாபிட் வலை அட்டைகளில் ஒரு வேடிக்கை உண்டு. அட்டையின் நிலையான நினைவகத்தில் முதல் 64 சொற்களையும் கூட்டினால் ஒரு குறிப்பிட்ட எண் வர வேண்டும். பதினாறடிமான முறையில் அதை எழுதினால் 'பாபா' என்று படிக்கலாம். ரஜினி ரசிகர்கள் சந்தோஷப்படலாம்! கடைசிச் சொல்லை, கூட்டுத்தொகை பாபா வரும்படி வேண்டுமென்றே நிரப்பிவைத்திருப்பார்கள். டிரைவர் தொடங்கும்போது கூட்டிப் பார்க்கும். பாபா வராவிட்டால் அட்டை கெட்டிருக்கிறது என்று ஒதுக்கிவிடும்.

இது 2008-ல் நிஜமாகவே நடந்தது. லினக்ஸ் 2.6.27 பதிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர்களின் இன்டெல் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. நிலையான நினைவகம் குப்பையாகிவிட்டது, கூட்டுத்தொகை தப்பு. எல்லோரும் வலை டிரைவரையே சந்தேகப்பட்டார்கள். கடைசியில் அக்டோபரில் கண்டுபிடித்தார்கள்: கர்னலின் வேறொரு மூலையில், நிரலின் ஓட்டத்தைத் தடம்பிடிக்கும் ஒரு வசதி, தனக்குச் சொந்தமில்லாத நினைவிடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தது அட்டையின் நினைவகம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இப்படிப்பட்ட விபத்தைக் கூட்டுத்தொகை பிடித்துவிடும்.

ஆனால் கெட்ட எண்ணத்தோடு வருபவனை அது பிடிக்காது. பாபா வர வேண்டும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரியும், அவனுக்கும் தெரியும். உள்ளே வேண்டியதை மாற்றிவிட்டுக் கடைசிச் சொல்லைத் திருத்திக் கூட்டுத்தொகையைச் சரிக்கட்டிவிடுவான். ரூட்டர் கோப்பின் தலைப்பில் இருக்கும் சரிபார்ப்பு எண்ணும் அப்படித்தான். அதைக் கணக்கிடும் முறை ஊருக்கே தெரியும். மழையில் நனைந்த சாக்கைக் கண்டுபிடிக்கும் சோதனை வேறு, பப்பாளி விதை கலந்த சாக்கைக் கண்டுபிடிக்கும் சோதனை வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்துவிட்டோம் என்று நினைப்பதுதான் ஏமாறும் இடம்.

இரண்டாம் கேள்வி: இது யாருடைய சரக்கு?

இதற்கு விடை டிஜிட்டல் கையொப்பம். கணிதம் பெரியது, கருத்து எளிது. கோப்பு முழுவதையும் ஒரு சாறு பிழியும் யந்திரத்தில் போட்டு, 256 பிட் நீளமுள்ள ஒரு சுருக்க எண்ணாக மாற்றுகிறார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் சாறு முழுக்க மாறிவிடும். அதே சாறு வரும்படி இன்னொரு கோப்பைத் தயாரிப்பது நடைமுறையில் ஆகாத காரியம். அந்தச் சுருக்க எண்ணுக்குத் தயாரிப்பாளர் தன்னிடம் மட்டும் உள்ள ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறார். அதற்கு இணையான பொதுச் சாவி டிரைவரிடமோ சிப்பிடமோ முன்கூட்டியே இருக்கும். அதை வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், ஆனால் புதிதாகக் கையொப்பமிட முடியாது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் கொடுத்த வழி இன்றும் இதற்குப் பயன்படுகிறது.

லினக்ஸின் வைஃபை பகுதியிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. எந்த நாட்டில் எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியோடு ஒலிபரப்பலாம் என்ற விதிகள் ஒரு தனிக் கோப்பில் இருக்கின்றன. 2018-ல் வந்த 4.15 பதிப்பிலிருந்து கர்னல் அதை ஃபர்ம்வேரைப் போலவே ஏற்றி, கூடவே வரும் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே ஏற்கும். கையொப்பம் இல்லாத விதியை ஒருவன் கொண்டுவந்து வைத்து, ஊர் அலைவரிசையில் கூச்சல் போட முடியாது.

கையொப்பம் இருந்தாலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, சோதித்த சரக்கும் இறக்கிய சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பாண்டிகசாலையில் குத்தூசி போட்டு மிளகு எடுத்துப் பார்த்த பிறகு, கண்ணெதிரே சாக்கைத் தைத்து முத்திரை வைப்பார்கள். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது சாக்கு அதேதான், உள்ளே இருப்பது அதேதானா? கணினியிலும் கோப்பை ஒருமுறை படித்துச் சோதித்துவிட்டு, இறக்குவதற்காக மறுபடி வட்டிலிருந்து படித்தால், நடுவில் ஒருவன் மாற்றியிருக்கலாம். ஒரே முறை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள். அந்தப் பிரதியைச் சோதி. அதே பிரதியை இறக்கு.

இரண்டாவது, பழைய கையொப்பம். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஃபர்ம்வேரிலும் தயாரிப்பாளரின் உண்மையான கையொப்பம் இருக்கும். ஆனால் அதில் பிறகு கண்டுபிடித்த ஓட்டை ஒன்று இருக்கலாம். திருடன் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், பழையதைத் திரும்ப ஏற்றிவிட்டால் போதும். ஆகவே, "இதைவிடப் பழைய பதிப்பை ஏற்காதே" என்ற குறிப்பைச் சிப் தனக்குள் அழியாமல் வைத்திருக்க வேண்டும். போன வருஷத் தரச்சான்று இந்த வருஷ மிளகுக்குச் செல்லாது.

சான்றிதழ் பார்க்காத இடம்

இதையெல்லாம் செய்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? கொச்சியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2012 டிசம்பரில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை இங்கே சில கிடங்குகளுக்கு முத்திரை வைத்தது. அவை என்.சி.டி.இ.எக்ஸ். என்ற தேசிய முன்பேரச் சந்தையின் அங்கீகாரம் பெற்றவை. உள்ளே இருந்தது 6,000 டன்னுக்கும் மேற்பட்ட மிளகு. அதில் கனிம எண்ணெய் கலந்திருக்கிறது என்பது விஷயம். கடைவீதி முழுக்க மாதக்கணக்கில் அதே பேச்சு. யோசித்துப் பாருங்கள்: எடை சரி. ஈரப்பதம் பார்க்கலாம், பதர் பார்க்கலாம், கல் மண் பார்க்கலாம். இத்தனை சோதனையிலும் தேறிய மிளகில் எண்ணெய் இருக்கலாம். ஏனென்றால் அந்தச் சோதனைகளில் எதுவும் எண்ணெயைத் தேடவில்லை. ஒரு சோதனை எதைத் தேடுகிறதோ அதை மட்டும்தான் சொல்லும்.

கையொப்பமும் அப்படியே. "இது இன்னார் கொடுத்தது, வழியில் மாறவில்லை" என்று மட்டும் அது சொல்லும். "இன்னார் கொடுத்ததில் பிழை இல்லை" என்று சொல்லாது. 2017-ல் உலகம் இதைப் பார்த்தது. பிராட்காம் வைஃபை சிப்புகளின் ஃபர்ம்வேரில் இருந்த ஓட்டைகளை அந்த வருஷம் கூகுளின் 'பிராஜெக்ட் ஜீரோ' குழுவும், தனியாக நிதாய் ஆர்டென்ஸ்டைன் என்ற ஆய்வாளரும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் இந்தச் சிப்புகள் இருந்தன. கோப்பை யாரும் மாற்ற வேண்டியதில்லை, காற்றில் அனுப்பும் வைஃபை செய்தியிலேயே சிப்பைக் கைப்பற்ற முடிந்தது. கூகுள் குழு இன்னும் ஒரு படி மேலே போய்க் காட்டியது: கைப்பற்றிய சிப்பிலிருந்து டிரைவருக்குத் தப்பான செய்தி அனுப்பி, இயங்குதளத்துக்குள்ளேயே நுழையலாம். 'நம் சிப்தானே சொல்கிறது' என்று டிரைவர் அந்த நீளங்களை அளக்காமல் எடுத்துக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஆகவே சோதனை, ஏற்றும் அன்றைக்கு மட்டும் செய்வதல்ல. இறங்கி ஓடிக்கொண்டிருக்கும் ஃபர்ம்வேர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் டிரைவர் தராசில் வைக்க வேண்டும். அதற்கு மேலும் ஒரு வேலி உண்டு. இன்றைய கணினிகளில் பலவற்றில், சிப் நேராகத் தொடக்கூடிய நினைவகப் பகுதி எது என்று எல்லை கட்டும் வன்பொருள் இருக்கிறது. அதைச் சரியாக இயக்கிவைத்தால் சிப் கெட்டாலும் கொடுத்த இடத்துக்குள்தான் சுற்ற முடியும். உள்ளே விட்டாச்சு என்பதற்காக வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் விருந்தாளி கையில் யாரும் கொடுப்பதில்லையே.

நம் வீடுகளில்

"நாங்க டிரைவர் எழுதப் போறதில்லையே தம்பி" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சரி. ஆனால் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கிறது. 2023 ஜூனில் கேரள அரசின் கே-ஃபோன் தொடங்கிய பிறகு, அந்த மாதிரிப் பெட்டி இன்னும் பல எளிய வீடுகளுக்கும் வருகிறது. 2017 ஏப்ரலில் 'பிரிக்கர்பாட்' என்ற நச்சு நிரலை ராட்வேர் நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். கடவுச்சொல் மாற்றாத கருவிகளுக்குள் நுழைந்து, சேமிப்பிடத்தில் குப்பையை எழுதிச் செங்கல் ஆக்குவது அதன் வேலை. அதே வருஷம் ஜூலையில் நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் ஏராளமான மோடம்கள் நச்சு நிரலால் முடங்கின. வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லையே வைத்திருந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். உடனே மாற்றுங்கள் என்று நிறுவனம் வேண்டுகோள் விடுத்தது. 2021 ஜூன் 15 முதல், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பில் சேர்க்கும் புதுக் கருவிகளை நம்பகமானவர் என்று அறிவிக்கப்பட்டவர்களிடமிருந்தே வாங்க வேண்டும் என்று மத்திய அரசும் விதி செய்திருக்கிறது. ஆனால் நாம் கடையில் வாங்கி மாட்டும் பெட்டிக்கு நாம்தான் காவல்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பெட்டி வந்த அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தோ, இணைப்புக் கொடுத்தவர் வழியாகவோ மட்டும் எடுங்கள். பென் டிரைவில் யாரோ கொடுத்தார் என்று போடாதீர்கள். தளத்தில் அந்தச் சுருக்க எண் கொடுத்திருந்தால், இறக்கிய கோப்போடு ஒத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஐந்து நிமிஷ வேலை. புதுப்பிக்கும்போது மின்சாரம் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். தயாரிப்பாளரே கைவிட்ட பழைய பெட்டியை 'இன்னும் ஓடுதே' என்று வைத்திருக்காதீர்கள்.

பிழைக்க வந்த ஊரில் நம்பிக்கைதான் நம் முதல். பஜார் ரோட்டில் எழுத்து இல்லாமல் வாய்ச்சொல்லில் லட்சக்கணக்கில் வியாபாரம் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வியாபாரிகள் யாரும் தராசைத் தூக்கி எறிந்துவிடவில்லை. நிறுத்துப் பார்த்ததற்காக யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. சரக்கு நல்லதாக இருந்தால் தராசு அதைத்தான் சொல்லப்போகிறது. 'நம்ப நட, நம்பி நடவாதே' என்று நம் பெரியவர்கள் சொன்னதில் இரண்டு பாதி உண்டு. ஃபர்ம்வேர் தயாரிப்பவருக்கு முதல் பாதி, கையொப்பமிட்டுக் கொடுங்கள். டிரைவர் எழுதுகிறவருக்கு இரண்டாம் பாதி, அளந்து வாங்குங்கள்.

என் மகள் இப்போது கணினி படிக்கிறாள். கோப்பைத் திறந்து படிக்கும் முதல் நிரலை எழுதிக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. "நீளம் எங்கேருந்து எடுத்தே?" என்று கேட்டேன். "கோப்புலயே எழுதியிருக்குப்பா" என்றாள். தாத்தா கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய் ஒரு வரி சேர்த்துவிட்டு வந்தாள்.